ஐயா நெல்லுக்குப் பல்லு

எந்த வேலையில் சேர்ந்தாலும் அந்த வேலைக்குரிய கெட்ட பழக்கங்களை மூன்றே நாளில் கற்றுக்கொண்டுவிடுவேன். வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் ஆறு மாதம் பிடிக்கும்.

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டல் ஹாலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பயிற்சியாம். புரட்டாசி வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த ஒருவர் திரையில் ஒரு கேள்வியைப் போட்டார்: 'பணியிடத்தில் தனிமனிதரின் நடத்தையைத் தீர்மானிப்பது எது?' ஆளுக்கொரு பதில் சொல்ல வேண்டும். வளர்ப்பு என்றார் ஒருவர். படிப்பு என்றார் இன்னொருவர். 'மனசாட்சி' என்று கணீரென்று சொன்னவர் பதினொரு மணிக்கு வந்து ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போடுகிற மனிதர். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அடுத்து என் முறை.

"நாற்காலி சார்" என்றேன்.

ஹால் சிரித்தது. கோட்டுக்காரர், "சூப்பர்! சூழல்னு சொல்ல வர்றீங்க" என்று பலகையில் 'சூழல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். நான் சூழல் என்று சொல்ல வரவில்லை. நாற்காலி என்றுதான் சொல்ல வந்தேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. இடது கை உடைந்து கட்டுக்கம்பியால் இறுக்கியது. முதுகில் ஒரு பச்சைத் துண்டு. ஒரு குறுவை அறுப்பு சீசன் முழுக்க அதில் உட்கார்ந்திருந்தவன் நான். விளக்கிச் சொல்வதற்குள் சமோசா வந்துவிட்டது. நடத்தையைத் தீர்மானிப்பதில் சமோசாவுக்கும் பங்கு உண்டு என்பதை அன்று கண்டேன்.

விஷயம் இதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு நெல் கொள்முதல் நிலையம் இருந்தது. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு சிமெண்ட் களம், ஒரு தராசு, தூசியும் பதரும் போக்க ஒரு தூற்றும் மிஷின். அறுத்த நெல்லை டிராக்டரில் கொண்டுவந்து களத்தில் குவித்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். நெல்லில் ஈரம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் போனால் எடுக்கக் கூடாது. ஈரத்தைச் சொல்வதற்கு ஒரு மீட்டர். அந்த மீட்டரைப் பிடித்திருப்பவர், சீசனுக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படும் எழுத்தர். அவர் தலையசைத்தால் நெல் தராசுக்குப் போகும். அசைக்காவிட்டால் களத்திலேயே கிடக்கும்.

எனக்கு முந்தின வருஷம் அந்த நாற்காலியில் ஒருவர் இருந்தார். எங்கள் நெல்லோடு நானும் அப்பாவும் ஒன்பது நாள் அவர் முன்னால் நின்றோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்ததே கிடையாது. காதில் போனை வைத்தபடியே வருவார். குவியலில் ஒரு விரலை விட்டு நாலு நெல்லைச் சுண்டுவார். உதட்டைப் பிதுக்குவார். "பாக்கலாம்" என்பார். என்றைக்குப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாம் என்பதெல்லாம் அவருக்கும் அவர் போனுக்கும்தான் வெளிச்சம். ஒன்பது நாளும் 'பாக்கலாம்.'

நான் அதைச் சும்மா விடவில்லை. டீக்கடையில் அவரை நடித்துக் காட்டுவேன். அந்த விரல், அந்த உதடு, அந்தப் 'பாக்கலாம்'. சுற்று வட்டாரத்தில் எனக்கு இருந்த ஒரே புகழ் அது. "அடேய், அந்த ஆளப் பண்ணிக் காட்டுடா" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். முடிக்கும்போது மறக்காமல் ஒரு வசனம் சேர்ப்பேன்: "நான் மட்டும் அந்த நாற்காலியில ஒக்காந்தேன்னா..." அந்த வாக்கியத்தை நான் முடித்ததே இல்லை. முடிப்பதற்குள் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் அந்த வேலை எனக்கே கிடைத்தது. வேதியியல் படித்துவிட்டு வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கிடந்தவனுக்கு அது பெரிய விஷயம்.

முதல் நாள் ஒரு மகானைப் போல உள்ளே போனேன். நாற்காலியில் உட்காரவில்லை. ஒவ்வொரு குவியலாகப் போய், "வாங்கண்ணே, வணக்கங்க்கா, எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா" என்று விசாரித்தேன். எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். பேசி முடித்துவிட்டு ஒருவர் கேட்டார்:

"சரிப்பா, சார் எப்ப வருவாரு?"

"நான்தாங்க புதுசா வந்துருக்கறது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது சரி. சார் வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தார்.

மறுநாளும் அப்படித்தான். சிரித்துப் பேசுகிறவன் அதிகாரி கிடையாது என்று களமே முடிவு செய்திருந்தது. ஒருவர் என்னைத் தண்ணீர் மொண்டு வரச் சொன்னார். மொண்டு வந்தேன். கொட்டகையில் ஓர் உதவியாளர் இருந்தார். பத்துப் பதினைந்து சீசன் பார்த்தவர். எழுத்தர்கள் வருவார்கள், போவார்கள், அவர் அங்கேயே இருப்பார். அவருக்கு என் நிலைமையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்தார். பச்சைத் துண்டை உதறி முதுகில் விரித்தார்.

"சார், இப்புடி ஒக்காருங்க. ஒக்காந்துட்டுப் பேசுங்க. நின்னு பேசுனா எவனும் மதிக்க மாட்டான்."

மூன்றாம் நாள் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரில் நிற்பவரின் இடுப்புத்தான் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் தூக்க வேண்டும். கழுத்து வலிக்கும் என்று தூக்கவில்லை. அவ்வளவுதான், அந்தக் கணமே நான் 'சார்' ஆகிவிட்டேன். முந்தின நாள் தண்ணீர் மொண்டு வரச் சொன்னவர் எனக்கு டீ வாங்கி வந்தார். நான் ஒரு குவியலைப் பார்க்க எழுந்தால் ஆறு பேர் பின்னால் வந்தார்கள். ஆறு பேர் பின்னால் வரும்போது இயல்பாக நடந்து பாருங்கள், முடியாது. கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஏதாவது கேட்டார்கள் என்றால் பதில் தெரியாது. அதற்குப் போன் உதவியது. காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்... சரிங்க சார்..." என்று யாருமில்லாத போனில் பேசுவேன். பேசுகிற மனிதரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மறுமுனையில் ஆளே இல்லாத அந்தப் போனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மரியாதையாகப் பதில் சொன்னேன். மேலதிகாரி நிஜமாகவே கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்பேன். நான் நிற்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. என் முழங்காலுக்கு அது புரியவில்லை.

முந்தின எழுத்தரைக் காசு கெடுத்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நான் ஒரு பைசா தொடவில்லை. காசு வாங்கிக் கெட்டவனிடமாவது கடைசியில் காசு மிஞ்சும். நான் இலவசமாகக் கெட்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கும், ஒரு பச்சைத் துண்டுக்கும், 'சார்' என்ற ஒரு வார்த்தைக்கும். என்னைவிட மலிவாக எவனும் இந்த டெல்டாவில் விலைபோனதில்லை.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு காரியம் செய்தேன். மீட்டரைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப்போனேன். உண்மையில் வீட்டில் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த சித்தி, சித்தப்பா, அவர்கள் மருமகன் எல்லோர் நடுவிலும் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து பிரித்தேன். ஒரு குழந்தையின் தொட்டில் துணியை விலக்குகிற மாதிரி விலக்கினேன். அதில் ஒரு குமிழ் உண்டு. நெல்லைப் பார்ப்பதானால் நெல்லில் நிறுத்த வேண்டும், உளுந்தைப் பார்ப்பதானால் உளுந்தில். "எத வேணா பாக்கலாம்" என்று பெருமையாகச் சொல்லி, அடுக்களை டப்பாவிலிருந்து உளுந்தை எடுத்துப் போட்டு, குமிழைத் திருப்பி, ஈரத்தைப் படித்துக் காட்டினேன்.

அம்மா, "உளுந்துல ஈரம் பாத்து என்னடா பண்ணப்போற? நாளைக்கு வடைக்கு ஊறப்போட்டா அது தானா ஈரமாயிரும்" என்றார்.

மருமகனுக்கு மட்டும் வியப்பு. அவருக்காக இரண்டாம் முறையும் பார்த்தோம். பிறகு துண்டில் சுற்றி வைத்தேன். குமிழை யாரும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில்தான் அந்த அக்கா நெல்லோடு வந்தார். எங்கள் ஊரில் வாய்க்காலைத் தாண்டினால் அவர் வீடு. அவருடைய மாமனார் காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்த குடும்பம். இப்போது மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைக்கிறார். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து என்னைத் தெரியும். டீக்கடைப் பக்கம் நான் நடித்துக்காட்டும்போது சைக்கிளை நிறுத்திப் பார்த்துச் சிரித்தவர்.

"தம்பி, நீங்கதான் இங்கன்னு சொன்னாங்க. நல்லதாப் போச்சு. ரெண்டு நாள் ரோட்டுல போட்டுக் காயவச்சுத்தான் அள்ளியாந்தேன். சீக்கிரம் பாத்து வுட்டுருங்க. அடுத்த போகம் தாளடிக்கு நாத்து முத்திக்கிட்டுக் கெடக்கு. மானமும் சரியில்ல."

வானம் சரியில்லைதான். ஐப்பசி பிறக்கிற நேரம். கடற்கரைப் பக்கம் தினமும் கறுத்துக்கொண்டு வரும், பிறகு மனம் மாறிப் போய்விடும். குறுவை நெல் ஒருதரம் நன்றாக நனைந்தால் இரண்டாம் நாள் குவியலுக்குள்ளேயே முளை விடும். முளைத்த நெல்லை ஆடு மாட்டுக்குத்தான் போடலாம். நாலு மாத உழைப்பு அந்தக் களத்தில், ஒரு பழைய படுதாவுக்கு அடியில் கிடந்தது. அது தராசு ஏறுகிறவரை அவரால் வீட்டுக்கும் போக முடியாது, வயலுக்கும் போக முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். நானே ஒன்பது நாள் இப்படிக் கிடந்தவன்.

மீட்டரில் போட்டேன். பத்தொன்பது சொச்சம்.

"ஈரம் இருக்குக்கா."

"அப்புடியா? கையில அள்ளுனா சலசலங்குதே."

"மீட்டர் சொல்லுதுல்ல."

அன்று முழுக்க நெல்லை விரித்துக் காயவைத்தார். காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை பார்த்தேன். மறுபடி பத்தொன்பது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நெல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் மீட்டர் தேவையில்லை. ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். டொக்கென்று உடைந்தால் காய்ந்தது. நசுங்கினால் ஈரம். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நான் கற்றுக்கொண்ட பாடம் அது. அக்கா ஒரு நெல்லை எடுத்து என் காதுக்கு நேராகக் கடித்தார். டொக்.

"கேட்டுச்சா? நீங்களும் ஒண்ணு கடிச்சுப் பாருங்க தம்பி."

ஆறு பேர் பின்னால் நின்றார்கள். பின்னால் ஆள் நின்றால் எனக்கு நாக்கு நீளும்.

"பல்லுல வர்ற கணக்கெல்லாம் ரிஜிஸ்டர்ல ஏறாதுக்கா" என்றேன்.

உதவியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கே அது பிரமாதமாகத் தோன்றியது. அன்று சாயங்காலத்துக்குள் அதே வசனத்தை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் அப்பாவிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒனக்குப் பல்லு வலியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மூன்று நாளில் ஐந்து பேருடைய நெல்லைத் திருப்பினேன். எனக்கு என்னவோ எதிர்பார்ப்பு இருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஒருவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டிக் கண்ணடித்தார். எனக்கு வந்ததே கோபம்! "என்னய யாருன்னு நெனச்சீங்க?" என்று எழுந்து நின்று கத்தினேன். அந்த உத்தமக் கோபத்தில் அவர் நெல்லை இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மேலதிகாரி போனில், "என்னய்யா, ஒண்ணுமே ஏறல போலருக்கு?" என்றார். "எல்லாம் ஈரம் சார், நான் விடல" என்றேன். "குட். கறாரா இருங்க" என்றார். நின்றுகொண்டே நெஞ்சை நிமிர்த்தினேன். ஐந்து பேரில் நாலு பேர் அலுத்துப்போய் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டார்கள். அக்கா மட்டும் போகவில்லை. மூன்று நாளும் படுதா ஓரத்தில் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு அங்கேயே கிடந்தார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் போனில் பேசிக்கொண்டே போனேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் களத்துக்குள் வந்தது. பின்னாலேயே இரண்டு டிராக்டர் நெல். பக்கத்து ஊரில் ஒரு வேலி நிலத்துக்கு, அதாவது இருபது மாவுக்கு, சொந்தக்காரர். டோக்கன் கிடையாது. அவரைப் போன்றவர்களுக்கு டோக்கன் என்பது யாரோ வாங்கி வைத்திருப்பது. உதவியாளர் எங்கிருந்தோ இரண்டாவது நாற்காலியைக் கொண்டுவந்தார். அந்தக் கொட்டகையில் இரண்டாவது நாற்காலி இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"தம்பி யாரு... அட, நம்ம ஆளு மவன்! ஒங்கப்பாவ எனக்கு நல்லாத் தெரியுமே" என்றார். நான் மீட்டரை எடுக்கப் போனேன். "அதெல்லாம் என்னத்துக்குப்பா? கடிச்சுப் பாரு. ஒங்கப்பா பல்லு ரெண்டு ஊருக்குப் பேரு போனது. நெல்ல வாயில போட்டாருன்னா இன்னிக்கு அறுத்ததா நேத்து அறுத்ததான்னு சொல்லிருவாரு."

கடித்தேன். டொக்.

"காஞ்சிருக்குங்க" என்றேன். "மொதல்ல எடுத்துரலாங்க."

'ங்க' எப்படி இரண்டு முறை வந்தது என்று எனக்குத் தெரியாது. பின்னால் ஏதோ சரசரத்தது. அக்கா சாக்கை உதறிவிட்டு எழுந்து வந்திருந்தார். கொட்டகையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த சுமை தூக்கும் ஆட்கள் சீட்டைக் கவிழ்த்தார்கள்.

"சார்" என்றார் அக்கா. மூன்று நாள் 'தம்பி'யாக இருந்தவன் நான். "ஐயா நெல்லுக்குப் பல்லு, எங்க நெல்லுக்கு மிசினா?"

கார்க்காரர் திரும்பாமலே, "ஏம்மா, அவரு வேலய அவரு பாக்குறாரு. ஒனக்கென்ன?" என்றார்.

"எனக்கென்னங்களா? மூணு நாளா இந்தக் களத்துல கெடக்குறேன். எனக்குத்தாங்க என்ன." என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு அவங்க நெல்லயும் மிசின்ல போடுங்க. இல்லாட்டி எங்க நெல்லயும் கடிங்க. ரெண்டுல ஒண்ணு இப்ப நடக்கணும்."

போனை எடுத்துக் காதில் வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வைத்தேன். "ம்... சரிங்க சார்..." என்றும் சொன்னேன். அக்கா நகரவில்லை. போன் அந்த நேரம் பார்த்து, காதில் இருக்கும்போதே, நிஜமாக மணி அடித்தது. அம்மா. சுமைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. வேறு வழியில்லாமல் கார்க்காரரின் நெல்லை மீட்டரில் போட்டேன்.

இருபது.

"என்னது?" என்று கார்க்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்ன மிசின்யா வச்சிருக்க? கோளாறா இருக்கும். பாரு அத."

நானும் அதையேதான் நினைத்தேன். மீட்டரில் கோளாறு. அக்காவின் நெல்லுக்குப் பத்தொன்பது காட்டியபோது மூன்று நாள் அது தெய்வவாக்கு. கார்க்காரர் நெல்லுக்கு இருபது காட்டிய ஒரே விநாடியில் அது ஓட்டை மிஷின். அவரைச் சொல்லிப் பயனில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கை மீட்டரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

உதவியாளர் கனைத்தார். "சார்... அது உளுந்துல நிக்குது சார்."

"என்னது?"

"குமிழு. உளுந்துல நிக்குது."

"எப்பலேருந்து?"

"திங்கக்கெழம காலைலேருந்து சார்."

"ஏன்யா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் சார் கிட்ட வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும் போன்லதான சார் இருந்தீங்க" என்றார். அவர் முகத்தில் கேலி இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. எழுத்தரைத் திருத்துவது தன் வேலையில்லை என்று பதினைந்து சீசனில் கற்ற முகம் அது. என்னைப் போலவே அவரும் ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறார்.

குமிழை நெல்லுக்குத் திருப்பி அக்காவின் நெல்லைப் போட்டேன். பதினாறு. அவர் எண்ணைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். கிழக்கே இடி உருண்டது. இந்த முறை வானம் மனம் மாறவில்லை.

"சரி சரி, மழ வருது, என்னுத மொதல்ல எடு" என்றார் கார்க்காரர்.

நான் அவர் டிராக்டர் பக்கம்தான் நடந்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். இவ்வளவு நடந்த பிறகும், அவ்வளவு பேர் பார்க்க, என் கால்கள் வெள்ளைக் காரின் பக்கம்தான் போயின. நாலு அடி போன பிறகு திரும்பினால் பின்னால் யாரும் வரவில்லை. சுமைக்காரர்கள் தராசையும் தூற்றும் மிஷினையும் அக்காவின் குவியலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

"டோக்கன் அக்காவுதுதான சார்?" என்றார் அவர்களில் ஒருவர், கேள்வி மாதிரி இல்லாமல்.

"ஆங்! அங்கதான்! அங்கதான் சொன்னேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நான் உத்தரவு போட்டு நடந்த மாதிரி இருக்க வேண்டுமல்லவா?

மொத்தம் அறுபது சிப்பம் வரும். சிப்பம் என்றால் நாற்பது கிலோ பிடித்துத் தைத்த மூட்டை. ஆட்கள் பேய் மாதிரி வேலை செய்தார்கள். நானும் குற்ற உணர்ச்சியில் ஒரு சிப்பத்தைத் தோளில் ஏற்றினேன். மூன்றாவது எட்டில் சிப்பம் என் மேல் இருந்தது, நான் தரையில் இருந்தேன். "சாரத் தூக்கி ஓரமா வைங்கடா, மூட்ட கிழிஞ்சிரப் போவுது" என்றார் ஒருவர். மூட்டையைத்தான் முதலில் தூக்கினார்கள்.

நாற்பத்தைந்தாவது சிப்பம் கொட்டகைக்குள் போகும்போது மழை இறங்கிவிட்டது. மிச்ச நெல்லைக் குவித்துப் படுதாவை இழுத்தோம். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஓரங்களில் கல் வைத்தார்கள். காற்று வீசிய பக்கம் மட்டும் நிற்கவில்லை. அக்கா கொட்டகைக்குள் ஓடினார். சிவப்பு நாற்காலியைத் தூக்கிவந்து அந்த ஓரத்தில், படுதாவின் மேல், பதித்து வைத்தார். காலி நாற்காலி நிற்குமா? சாய்ந்தது. என்னைப் பார்த்தார்.

"ஒக்காருங்க சார்."

"எங்கக்கா?"

"நாக்காலியிலதான். வெயிட்டா இருக்கும்."

உட்கார்ந்தேன். அரை மணி நேரம், மழையில், ஒரு படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையில் பச்சைத் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்த சீசனில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த வேலை என்று சொன்னால் அந்த அரை மணி நேரம்தான். அதற்குத் தேவைப்பட்டதும் என் ஐம்பத்தெட்டுக் கிலோ மட்டும்தான். கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருடைய நெல்லுக்குப் புதிய படுதா. ஒன்றும் ஆகவில்லை.

மழை விட்டபின் பார்த்தால் சிமெண்ட் தரை வழியாகத் தண்ணீர் அடியில் புகுந்திருந்தது. பதினைந்து சிப்ப நெல்லில் அடிப்பகுதி ஊறிவிட்டது. அக்கா கையைவிட்டு அடிநெல்லை அள்ளிப் பார்த்தார். கடிக்கவில்லை. கடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்க. கூடையப் புடிங்க" என்றார்.

மன்னிப்பு அந்தக் கூடையோடு முடிந்தது. நனைந்த அடிநெல்லில் ஆறு சிப்ப அளவு முளைத்துவிட்டது. அது ஆட்டுக்குப் போனது. மிச்சத்தை இரண்டு நாள் வெயில் தலைகாட்டிய நேரமெல்லாம் ரோட்டில் பரப்பி, மேகம் வந்தால் வாரி, மறுபடி பரப்பி, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தார். மேற்கே இன்னொரு மழை காத்திருந்தது.

குமிழ் நெல்லில் நிற்கிறதா என்று பார்த்தேன். உதவியாளர் பார்த்தார். சுமைக்காரர் ஒருவரும் வந்து பார்த்தார். நெல்லைப் போட்டேன். பதினேழு புள்ளி நாலு.

புள்ளி நாலு அதிகம். இந்த முறை மீட்டர் பொய் சொல்லவில்லை. விதியின்படி நான் தலையசைக்கக் கூடாது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ரோட்டுத் தூசி முழங்கால் வரை ஏறியிருந்தது.

குனிந்து ஒரு நெல்லை எடுத்தேன். பல்லில் வைத்துக் கடித்தேன். டொக்கென்றும் இல்லை, நசுங்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம். ஒன்பது நாள் நின்ற என் அப்பாவாக இருந்தால் அதற்கு ஒரு பெயர் சொல்லியிருப்பார்.

"காஞ்சிருக்கு" என்றேன். ரிஜிஸ்டரில் பதினேழு என்று எழுதினேன்.

அக்கா என் வாயை உற்றுப் பார்த்தார். "பரவால்ல தம்பி. இப்பத்தான் பல்லு மொளச்சிருக்கு" என்றார். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சாக்கு தைக்கிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் இடுப்பளவுக்குக் குனிந்து, "சார், எங்குது எப்ப..." என்றார்.

"பாக்கலாம்" என்றேன்.

நான் சொல்லவில்லை. வாய் சொன்னது. உதடுகூடக் கொஞ்சம் பிதுங்கியது. டீக்கடையில் நான் செய்துகாட்டியதைவிட நன்றாகவே வந்தது. சாக்கு தைக்கும் இடத்திலிருந்து அக்கா திரும்பினார். தைக்கிறவர் கையில் ஊசி நூலோடு அப்படியே நின்றது.

"பாக்கலாம்னா... இப்பவே பாக்கலாங்க. வாங்க, எந்தக் குவியல்?" என்று எழுந்தேன். பெரியவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் போனார்.

மீதியெல்லாம் தராசு ஏறி ஒன்பதாவது சிப்பம் தைத்து முடிகிறவரை அக்கா அங்கேதான் நின்றார். அதுவரைக்கும் ஒழுங்காக வேலை பார்த்தேன்.